கருமணற் கரையில் இரண்டு இரவுகள்

எரிமலை என்றதும் நம் பிள்ளைகளின் மனத்தில் எழுவது பாடப்புத்தகத்துப் படந்தான். கூம்பு வடிவான மலை, உச்சியிற் புகை, சரிவில் வழிந்தோடும் தீக்குழம்பு. அண்மையில், நோர்வேயில் வாழும் எங்கள் உறவினர் குடும்பமொன்று, சமையலறையும் படுக்கையும் உடன்கொண்ட வாகனம் ஒன்றில் ஏறி, எரிமலை நாடான ஐஸ்லாந்தைச் சுற்றிவந்தது. அவர்கள் அனுப்பிய படங்களுள் எங்கள் பிள்ளைகளை மயக்கியது மலையன்று. கரி பூசியதுபோற் கிடந்த ஒரு கடற்கரை. "மணல் கறுப்பாகவும் இருக்குமா?" என்று கேட்டனர். "இருக்கும், அதைப் பார்க்க ஐஸ்லாந்து போகவேண்டியதில்லை. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக்குப் போனாற் போதும்" என்றோம். அப்படியாயின் புல்மோட்டையிலும் எரிமலை இருக்கவேண்டுமே என்று மடக்கினான் எங்களுள் இளையவன். வாயாற் சொல்லி விளக்குவதிலும் கண்ணாற் காட்டி விளக்குவது நன்றென்று, சித்திரை விடுமுறையிற் புறப்பட்டோம்.

வண்டியைப் பற்றி ஒரு சொல். ஐஸ்லாந்து வாகனம் போன்ற சொகுசு நமக்கெதற்கு? வாடகைக்கு எடுத்த வான் ஒன்றின் பின்னிருக்கைகளைக் கழற்றிவிட்டுப் பலகை பரப்பி, மேலே மெத்தை விரித்தோம். ஒரு மூலையில் எரிவாயு அடுப்பு. மறு மூலையில் அரிசி, பருப்பு, தேங்காய், கருவாடு. கூரையில் நீர்க்கலன்களும் பாய்களும். நுளம்புவலையை மறக்கவில்லை. பெண்களும் பிள்ளைகளும் வண்டிக்குள். ஆண்கள் வெளியே பாயில். இதனைப் புதுமை என்று எவரேனும் சொன்னால் எங்கள் வீட்டுப் பாட்டி சிரிப்பார். வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குக் கூடார வண்டி கட்டி, வழியிலே அடுப்பு மூட்டி, வண்டியின் கீழே உறங்கிச் சென்ற தலைமுறை அவருடையது. மாடு போய் இயந்திரம் வந்தது, வேறொன்றும் மாறவில்லை.

திருகோணமலையிலிருந்து நேரே வடக்கே போகாமல், அனுராதபுர வீதியில் திரும்பி முதலிற் கன்னியாவைப் பார்த்தோம். பக்கம் பக்கமாக ஏழு சதுரக் கிணறுகள். ஏழிலும் வெந்நீர், கிணற்றுக்குக் கிணறு சூட்டிற் சிறு வேறுபாடு. தன் தாய்க்கு இறுதிக் கடன் செய்ய வேண்டி இராவணன் நிலத்தைக் குத்திய இடங்களே இவை என்பது பழங்கதை. சைவ மக்கள் நெடுங்காலமாக அந்தியேட்டி முதலான கிரியைகளுக்கு இங்கு வந்ததும் அக்கதையின் வழிவந்த வழக்கமே. இரண்டு வாளி நீரைத் தலையில் ஊற்றிக்கொண்ட இளையவன், "பார்த்தீர்களா, கீழே நெருப்பு இருக்கிறது!" என்று வெற்றி முழக்கமிட்டான்.

நெருப்பு இல்லை. மழைநீர் பாறைப் பிளவுகளினூடே மிக ஆழத்துக்கு இறங்குகிறது. நிலத்துக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 25 பாகை சூடு கூடும். இது பூமியின் பொது இயல்பு. அங்ஙனம் சூடேறிய நீர் வேறொரு பிளவு வழியே விரைந்து மேலே வந்துவிட்டால், ஆறுமுன் கிணற்றை அடைகிறது. 40 பாகையை ஒட்டிய கன்னியா வெந்நீருக்கு இதுவே காரணம். இலங்கையில் உயிருள்ள எரிமலையும் இல்லை. அண்மைக்காலத்தில் அவிந்த எரிமலையும் இல்லை. இத்தீவின் பத்தில் ஒன்பது பங்குக்கு மேற்பட்ட நிலம், பூமியின் ஆழத்திலே பெருஞ்சூட்டிலும் பேரழுத்தத்திலும் வெந்து உருமாறிய மிகப் பழைய பாறை. அந்த உருமாற்றம் நிகழ்ந்தது ஏறத்தாழ 61 கோடி முதல் 55 கோடி ஆண்டுகளுக்கு முன். அப்போது இலங்கை தனித் தீவன்று. தென்னிந்தியா, மடகாஸ்கர், அந்தாட்டிக்கா ஆகியவற்றோடு ஒட்டிப் பெருங்கண்டம் ஒன்றின் நடுவே கிடந்தது. இதனை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு பிள்ளைகளிடம் சொல்லி வண்டியை வடக்கே செலுத்தினோம்.

நிலாவெளி வரை உல்லாச விடுதிகள். இறக்கக்கண்டிப் பாலம் கடந்ததும் விடுதிகள் குறைந்து பனையும் பற்றைக்காடும் மிகுகின்றன. குச்சவெளியைத் தாண்டினால் ஒருபுறம் கடலின் முழக்கம், மறுபுறம் காட்டின் அமைதி. திரியாயில் மலையேறிப் பழைய தாதுகோபத்தையும், பாறையில் வடமொழியிற் பல்லவ கிரந்த எழுத்தாற் பொறித்த சாசனத்தையும் கண்டோம். கடலோடிய வணிகர்களைப் பற்றிய சாசனம் அது. இந்தக் கரைக்கு மணலை நாடி அயல்நாட்டுக் கப்பல்கள் வருவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே கப்பல்கள் வந்தன என்பதற்குச் சான்று. யான் ஓயாவைக் கடந்ததும் புல்மோட்டை. திருகோணமலையிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர்.

மோட்டை என்பது வன்னிப் பக்கத்தில் சிறு நீர்நிலைக்கு வழங்கும் சொல். புல் மண்டிய மோட்டை புல்மோட்டை ஆயிற்றென்று கொள்ளலாம். பெரும்பாலும் முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். மேற்கே தென்னமரவடி முதலிய தமிழ்க் கிராமங்கள். அதற்கப்பாற் பதவியாப் பக்கத்துச் சிங்களக் குடியேற்றங்கள். மூன்று மக்களும் ஒரே சந்தையிலே மீன் வாங்குகின்றனர்.

கரைக்குப் போகும் வழியிலே வண்டியைப் பற்றை ஓரம் நிறுத்த முனைந்தோம். வலை சுமந்து வந்த முதியவர் ஒருவர் கையைக் காட்டி மறித்தார். "தம்பி, இந்தப் பத்தைக்குள்ள விடாதீங்க. ராவைக்கு ஆனை வரும். வாடிக்குக் கிட்டக் கொண்டாந்து நிப்பாட்டுங்க" என்றார். வாடி என்பது மீனவர் பருவகாலத்தில் தங்கும் ஓலைக் கொட்டில். அவருடைய வாடியின் பக்கத்திலேயே இரண்டு இரவும் தங்கினோம். அவரைக் காக்கா என்று நாங்கள் அழைக்க, எங்கள் வீட்டுப் பெண்களைத் தங்கச்சி என்று அவர் அழைத்தார். உறவு அவ்வளவு எளிதில் அமைந்துவிட்டது.

கரையைக் கண்டதும் பிள்ளைகள் வாயடைத்து நின்றனர். நீலக் கடலுக்கும் பச்சைக் காட்டுக்கும் இடையே கறுப்பு வரி. முழுக் கறுப்பென்று சொல்ல முடியாது. அலை நனைத்த இடத்திற் காக்கைச் சிறகின் மினுக்கம். காய்ந்த இடத்தில் துப்பாக்கி இரும்பின் நிறம். இடையிடையே வெண்மணல் கலந்து புலித்தோல்போல் வரிகள். அள்ளிப் பார்த்தால் கை தாழ்கிறது, அவ்வளவு பாரம். நண்பகலிற் செருப்பைக் கழற்றி ஓடிய இளையவன் நான்கடி போவதற்குள் அலறிக்கொண்டு திரும்பினான். கறுப்பு நிறம் வெயிலை விழுங்கிச் சூட்டைத் தேக்குகிறது. "எரிமலை இல்லை என்று இப்போதும் சொல்கிறீர்களா?" என்று காலைத் தடவியபடி கேட்டான்.

அவனுக்கு விடை சொன்னவர் காக்காதான். ஒரு தேங்காய்ச் சிரட்டையில் மணலை அள்ளினார். கடல்நீர் மொண்டு, சிரட்டையைச் சாய்த்துச் சுழற்றினார். வெண்மணல் நீரோடு வழிந்து போயிற்று. கறுப்பு அடியிலே தங்கிற்று. "கடலும் இதைத்தான் செய்யுது" என்றார். அறிவியல் நூல்கள் பல பக்கங்களிற் கூறும் செய்தி அந்தச் சிரட்டைக்குள் அடங்கிவிட்டது.

செய்தி இதுதான். இலங்கையின் பழம் பாறைகளில் வெண்ணிறப் படிகக்கல்லோடு பாரமான கனிமங்களும் சிறு மணிகளாய்க் கலந்திருக்கின்றன. வெயிலும் மழையும் பாறையை அரிக்கின்றன. ஆறுகள் அரைத்துக் கடலுக்குக் கொண்டு வருகின்றன. படிகக்கல் மணல் நீரைப்போல் ஏறத்தாழ இரண்டரை மடங்கு எடை. இல்மனைற்று என்னும் கருங்கனிமம் நாலரை மடங்குக்கும் மேல். அலை ஏறும்போது இரண்டையும் கரையில் வீசுகிறது. திரும்பும்போது விசை குறைவாதலால் இலேசானதை மட்டும் இழுத்துச் செல்கிறது. வாடைக்காற்றுக் காலத்திற் கடல் கொந்தளிக்கும்; அப்போது இந்தப் புடைத்தல் வேலை வேகமாய் நடக்கும். நம் வீட்டுப் பெண்கள் சுளகிலே அரிசி புடைப்பதை இதற்கு உவமையாகச் சொல்லலாம். எனவே ஐஸ்லாந்தின் கருமணலுக்கும் புல்மோட்டைக் கருமணலுக்கும் நிறம் ஒன்றே தவிர உறவில்லை. அங்கே நேற்றைய நெருப்புக் குழம்பு குளிர்ந்து நொறுங்கியது. எரிமலை மறுபடியும் கக்கினால் மறுபடியும் மணல் உண்டு. இங்கே கோடி கோடி ஆண்டுப் பழமையுள்ள மலைகள் தேய்ந்து எஞ்சிய மிச்சம்.

எங்கள் மூத்தவள் பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கொண்டு வந்திருந்தாள். மணலுக்குள் விட்டெடுத்தபோது காந்தத்துக்குக் கறுப்புத் தாடி முளைத்தது. பிள்ளைகளுக்கு மாலை வரை வேறு விளையாட்டு வேண்டியிருக்கவில்லை. ஊரிலுள்ள ஆலையிலும் இவ்விளையாட்டே பெரிய அளவில் நடக்கிறது. முதலில் நீரிற் சுழற்றி இலேசான மணலை நீக்குகின்றனர். வலிய காந்தங்களால் இல்மனைற்றைப் பிரிக்கின்றனர். எஞ்சியதில் மின்னைக் கடத்தும் உரூத்தைலையும் கடத்தாத சிர்க்கனையும் உயர் மின்னழுத்தத்தாற் பிரிக்கின்றனர். புல்மோட்டையிலிருந்து கொக்கிளாய் வரை ஏறத்தாழ 7 கிலோமீட்டர் நீளும் இப்படிவு உலகின் வளமான கருமணற் படிவுகளுள் ஒன்று. பாரக்கனிமத்தில் நூற்றுக்கு 70 அளவில் இல்மனைற்று. உரூத்தைலும் சிர்க்கனும் தனித்தனியே 8 முதல் 10 வரை. இதற்கென 1957இல் அரசு கனிய மணற் கூட்டுத்தாபனம் ஒன்றை நிறுவியது. அதன் வழிவந்த அரச நிறுவனமே இன்றும் தொழிலை நடத்துகிறது. ஆலைக்குள் செல்ல அனுமதி வேண்டுமாதலால் நாங்கள் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததோடு சரி.

கடலுக்கு அப்பாலும் இம்மணலுக்கு உடன்பிறப்பு உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறையிலும் இதே கருமணல். இரு நாடும் ஒரு கண்டமாயிருந்த காலத்தின் ஒரே பாறையினம் என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை. 1909இல் ஷோம்பர்க் என்னும் செருமானியர், திருவாங்கூரிலிருந்து வந்த கயிற்றில் ஒட்டியிருந்த மணலைக் கொண்டே அங்கு மொனசைற்று இருப்பதைக் கண்டுபிடித்தார். மொனசைற்றிலிருந்து கிடைக்கும் தோரியம் அந்நாளிற் காஸ் விளக்கின் மாந்திலுக்குத் தேவைப்பட்டது. நம் கலியாண வீடுகளில் வெள்ளொளி வீசிய பெற்றோமக்ஸ் விளக்கை நினைவுகூரும் பெரியவர்கள், அவ்வொளி கடற்கரை மணலிலிருந்து வந்ததென்று அறிந்திருப்பார்களோ என்னவோ.

அன்றிரவு வண்டியின் அருகே அடுப்பு மூட்டினோம். காக்கா கொடுத்த பாரை மீன் குழம்பாயிற்று. பெண்கள் ரொட்டி தட்டினர். தேங்காய்ச் சம்பலை அரைக்கும் பொறுப்பு ஆண்களுக்கு. நிலவில்லாத இரவு. கறுப்புக் கரையில் அலைநுரை மட்டும் வெண்கோடாய்த் தெரிந்தது. பேச்சு இயல்பாகவே கப்பல்களைப் பற்றித் திரும்பிற்று.

1997ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம், கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு மணல் ஏற்றிக்கொண்டிருந்த கோர்டியாலிற்றி என்னும் கப்பலைக் கடற்புலிகள் தாக்கினர். பலர் உயிரிழந்தனர், கப்பல் மூழ்கியது. அதன் உடல் இன்னும் கடலடியிற் கிடக்கிறது. இன்று சுழியோடிகள் மீன் கூட்டங்களைப் பார்க்க அங்கே இறங்குகின்றனர். 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையையும் விடவில்லை. பின்னர் 2009இன் முற்பகுதி. முல்லைத்தீவுக் கரையில் யுத்தத்துக்குள் சிக்குண்டிருந்தோருட் காயமுற்றவர்களைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் புதுமாத்தளனிலிருந்து ஏற்றிவந்தது. அவர்களுக்கென இந்திய மருத்துவர் குழு ஒன்று அவ்வாண்டு மார்ச்சு மாதம் இப்புல்மோட்டையிலேயே களமருத்துவமனை அமைத்தது. கை இழந்தோர், கால் இழந்தோர், தாயைப் பிரிந்த குழந்தைகள் இந்த ஊரில் வந்திறங்கினர். "அந்தக் கப்பல் வந்தா ஊரில ஒருத்தரும் பேசமாட்டம்" என்றார் காக்கா. அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. பிள்ளைகள் அடுப்பு அணைவதைப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

மறுநாட் காலை அரிசிமலைக்குச் சென்றோம். கருமணலின் ஊருக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு கரை இருக்குமென்று எவரும் எதிர்பாரார். பாறைகள் கடலுக்குள் கால்நீட்டிக் கிடக்கின்றன. அவற்றின் இடையே மணல் மணலாக இல்லை. அரிசி மணி மணியாகக் கிடக்கிறது. வெளிறிய படிகக்கல் துகள்கள், ஒவ்வொன்றும் கழுவி உலர்த்திய பச்சையரிசியின் அளவு. எங்கள் வீட்டுப் பெண்களுள் ஒருவர் தம்மையறியாமல் ஒரு கைப்பிடி அள்ளி, கல் பொறுக்குவதுபோல் விரலாற் கிளறினார். அருகே பௌத்த துறவியரின் ஆரணியம் ஒன்று மரநிழலில் அமைதியாயிருக்கிறது. கடற்குளிப்புக்கு இவ்விடம் மிக நன்று. ஆனாற் பாறையோரம் நீரோட்டம் உண்டாதலாற் பிள்ளைகளைத் தனியே விடலாகாது.

திரும்பியபோது காக்கா தம் படகுக்கு வெள்ளை வர்ணத்தாற் பெயர் எழுதிக்கொண்டிருந்தார். தூரிகையை வாங்கித் தானும் ஓர் எழுத்து எழுதிய மூத்தவளிடம், அந்த வெள்ளை எதிலிருந்து வருகிறதென்று கேட்டோம். அவளுக்குத் தெரியவில்லை. கறுப்பு மணலிலிருந்துதான். இல்மனைற்றிலிருந்தும் உரூத்தைலிலிருந்தும் எடுக்கும் டைட்டேனியம் ஈரொட்சைட்டைப்போல் வெளுத்த பொடி வேறில்லை. சுவர் வர்ணம், தாள், பிளாத்திக்கு, பற்பசை யாவற்றுக்கும் வெண்மை தருவது அதுவே. சிர்க்கன் குளியலறை ஓட்டுக்குப் பளபளப்பாகிறது. உரூத்தைல் ஒட்டுவேலைக் கம்பிக்கு மேற்பூச்சாகிறது. ஆயினும் மணலைப் பிரித்து மூட்டைகட்டுவதோடு நம் தொழில் நின்றுவிடுகிறது. வெண்பொடி ஆக்கும் ஆலை இந்நாட்டில் எழவில்லை. கறுப்பை விற்று வெள்ளையை வாங்குகிறோம். ஆறு பத்தாண்டுகளுக்கு மேலாக நடக்கும் இத்தொழிலில் இந்த அடுத்த படியை ஏறாதது பெருங்குறை என்றே எங்களுக்குப் படுகிறது. அவ்வாலைக்குக் கடுங்கார அமிலங்களும் கழிவை அடக்கும் வழிகளும் வேண்டும்; கடலையும் களப்பையும் கெடுக்காமல் அதனை நடத்துவது எளிதன்று என்பதும் உண்மை.

"மணல் குறைஞ்சிட்டுதா, காக்கா?" என்று கேட்டோம். அவர் உடனே விடை சொல்லவில்லை. "வாடையில கடல் கொண்டு வருது. நாங்க அள்ளுறது கூடவா, கடல் தாறது கூடவா எண்டு ஆர் கணக்கெடுத்தது? என்ர வாப்பா காலத்தில இதில ஆள் உயரத்துக்குத் திட்டி நிண்டது. இப்ப பாருங்க" என்று கையைக் கீழே தாழ்த்திக் காட்டினார். ஆலையை அவர் வெறுக்கவில்லை. அவருடைய மருமகன் அங்கேதான் வேலை செய்கிறார். புல்மோட்டையிற் பல வீடுகளின் அடுப்பு அந்த மணலால் எரிகிறது. அதே மணலே கடல் கரையை அரிக்காமல் காக்கும் அணை என்பதும், படகு இழுத்து ஏற்றும் தளம் என்பதும் அவருக்குத் தெரியும்.

இரண்டாம் இரவும் கழிந்து, விடியற்காலையிற் கொக்கிளாய்க் களப்பின் தென்கரைக்கு வண்டியை ஓட்டினோம். கிழக்கு மாகாணம் முடிந்து வட மாகாணம் தொடங்கும் எல்லை இது. 1951ஆம் ஆண்டு முதல் பறவைகளின் சரணாலயம். ஆழமற்ற நீரிற் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. பெயரிலேயே கொக்கு இருக்கிறதே என்று இளையவன் மகிழ்ந்தான்.

அக்கரையில் தெரிந்த பனைவரிசை கொக்கிளாய்க் கிராமத்தது. அம்மக்கள் 1984இன் இறுதியில் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தவர்கள். தென்னமரவடி மக்களுக்கும் அவ்வாண்டு அதே கதி. கால் நூற்றாண்டு அகதி வாழ்வுக்குப் பின், யுத்தம் முடிந்தே திரும்பினர். கருமணற் படிவு அவர்கள் கரையிலும் தொடர்கிறது. அகழ்வை அப்பக்கம் விரிக்கும் முயற்சியை அவர்கள் எதிர்த்திருக்கின்றனர். தங்கள் காணியும் கரைவலைப் பாடும் போய்விடும் என்பது அவர்களின் அச்சம். ஒரு முறை ஊரை இழந்தவனிடம், உன் காலின் கீழுள்ள மணல் நாட்டின் செல்வம் என்று சொல்லப் போகிறவர், அச்செல்வத்தில் அவனுக்கு எவ்வளவு பங்கு என்பதையும் சேர்த்துச் சொல்லத்தானே வேண்டும்?

களப்போரத்திற் கடைசியாகத் தேநீர் வைத்துக் குடித்தோம். நீர்க்கலனில் எஞ்சியிருந்த நல்ல நீரை ஊற்றிப் பிள்ளைகளின் கால்களைக் கழுவினோம். விரலிடுக்குகளில் ஒட்டியிருந்த கருமணல் எளிதிற் போகவில்லை. வெயில் ஏறுமுன் குச்சவெளியைக் கடந்துவிட வேண்டுமென்று சாரதி அவசரப்படுத்தினார்.